ஞானரத்தினத்துக்கு இல்லாத மாத்திரை

அந்த மருந்துக் கடையில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே, ஞானரத்தினம் செத்துப்போனவர் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். என் மேல் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. தப்பு எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. அதன் மூலையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரின் புகைப்படம். படிய வாரிய தலை, கழுத்துப் பட்டன் வரை மாட்டிய சட்டை. சட்டத்தின் நாலு மூலையிலும் சந்தனம், உச்சியில் குங்குமம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மாலை. எங்கள் பக்கம் சுவரில் மாலையோடு ஒருவர் இருந்தால் அவர் உயிரோடு இல்லை என்று அர்த்தம். காலையில் கடை திறந்ததும் சாமி படங்களுக்குக் காட்டுகிற பத்தியை அந்தப் படத்துக்கும் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். முதலாளியின் தம்பியாக இருக்கும், பாவம், சின்ன வயதிலேயே போய்விட்டார் போல என்று உச்சுக்கொட்டவும் செய்தேன். பெயர் அச்சடித்த இடத்தை மாலை மறைத்திருந்தது. அதை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். கடை முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி ஆயுத பூஜை அன்று கடையில் உள்ள ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பார். ஃபிரிட்ஜ், பில் போடுகிற மெஷின், ஷட்டர், ஏணி, எல்லாவற்றுக்கும். கடைக்குச் சோறு போடுவதே அந்தக் காகிதம்தான் என்பதால் சான்றிதழுக்கும் வைத்தார். ஒரு வருடம் மாலை ஒன்று மிச்சம் விழுந்தது, அதையும் போட்டுவிட்டார். காகிதத்துக்குச் சொந்தக்காரர் பனவடலிசத்திரத்தில் உயிரோடு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார் என்பதோ, அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர் என்பதோ அண்ணாச்சிக்கு ஒரு பொருட்டே இல்லை.

வெளியாட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருந்துக் கடை நடத்த, மருந்தியல் படித்துப் பதிவு செய்த ஒருவர் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவருடைய சான்றிதழ் இருந்தால் போதும் என்று நடத்துகிற கடைகளும் உண்டு. நான் போய்ச் சேர்ந்தது அப்படி ஒரு கடை. ஆள் வீட்டில் இருப்பார், பேப்பர் சுவரில் இருக்கும், வருடத்துக்கு ஒரு முறை அண்ணாச்சி அவர் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கி வருவார்.

ஞானரத்தினத்தின் கதையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அவர் தங்கை எஸ்லின் அக்கா சொன்னது. அப்பா இஸ்ரேல் வாத்தியார், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்கிற ஊரில், பிள்ளைகள் இரண்டையும் படிப்பை நம்ப வைத்தார். அண்ணன் மருந்தியல் படித்தார், தங்கை பால்வாடி டீச்சர் ஆனாள். படித்து முடித்த சூட்டோடு ஞானரத்தினம் சங்கரன்கோவிலில் இந்தக் கடைக்கு வந்தார். அலமாரியில் மருந்துகளை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கி வைத்தவர் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் மாத்திரைக் கவரில் பேனாவால் சூரியன் வரைந்து கொடுப்பாராம். பாதிச் சூரியன் என்றால் காலை, முழுச் சூரியன் என்றால் மதியம், பிறை என்றால் ராத்திரி. குருவிகுளத்துக்கும் அந்தப் பக்கம் இருந்தெல்லாம் அந்தக் கவருக்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

முப்பத்தோராவது வயதில் ஒரு மத்தியானம், ஒரு பெண்ணுக்குச் சரியான மாத்திரையைத்தான் கொடுத்தார். அவள் போன பிறகு, நீ கொடுத்தது விஷம் என்று யாரோ காதுக்குள் சொன்னார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு அவள் ஏறிய பஸ்ஸின் பின்னால் ராஜபாளையம் ரோட்டில் ஓடியிருக்கிறார். அதற்கு அடுத்த நாளும் அதே. கொடுத்த கவரை ஆட்கள் கையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார். நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். அண்ணாச்சி வந்து தோளில் கைபோட்டுச் சொன்னாராம், "நீ வீட்டுல இரு ஞானம். பேப்பர் இங்கன இருக்கட்டும். கடைப் பக்கம் மட்டும் வந்துராத, கேட்டியா."

நாலு வருடம் அந்த வீடு பட்ட பாட்டை எஸ்லின் அக்கா முழுதாகச் சொல்லவில்லை. அக்காவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போனது மட்டும் தெரியும். அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரை அவருக்கு ஒத்துப்போனது. ரிஸ்பெரிடோன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. காதுக்குள் பேசியவர்கள் போய்விட்டார்கள். பதினோரு வருடம், ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டார். பன்னிரண்டு ஆடு வளர்த்தார். ஊரில் யார் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலும் முதலில் கவரை அவரிடம்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். எது சுகருக்கு, எது பிரஷருக்கு, எதைச் சோற்றுக்கு முன்னால் போட வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பார். ஊருக்குள் அவருக்குப் பெயரே மாத்திரை சார்.

மாதாமாதம் எஸ்லின் அக்காதான் பாளையங்கோட்டை போய் மாத்திரை வாங்கி வருவார்கள். போன வருடம் ஐப்பசியில் அவர்களுக்கு விஷக்காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். அண்ணன்காரர், நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்று டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். காய்ச்சலில் கிடக்கிற தங்கையை விட்டுவிட்டு வெகுதூரம் போக வேண்டாம் என்று, பக்கத்தில் இருக்கிற சங்கரன்கோவிலுக்கு வந்தார். கையில் இரண்டு நாளைக்கு மாத்திரை மிச்சம் இருந்தது. வராதே என்று சொன்ன கடைக்குப் பதினைந்து வருடம் கழித்து அவர் வந்தபோது கவுண்டரில் நின்றது நான்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் பெயர் சண்முகப்ரியா. சொந்த ஊர் இளையரசனேந்தல். மழையைப் பார்த்து உளுந்து விதைக்கிற வீட்டில், டாக்டருக்கு அடுத்தபடி நான்தான் என்று பீற்றிக்கொண்டு மருந்தியல் சேர்ந்தவள். மனநோய் மருந்துப் பாடத்தை எங்களுக்கு ஒரே ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு மேல் வராது என்றார்கள். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று நாங்களும் கேட்கவில்லை. ஹாஸ்டலில் பேச்சு வந்தால், "சுகர்க்காரனுக்குக் குடுக்கலாம், காசக்காரனுக்குக்கூடக் குடுக்கலாம், மெண்டலுக்கு யாருட்டி குடுப்பா? பாட்டிலத் தூக்கி மூஞ்சில எறிஞ்சிருவான்" என்று சிரிப்போம். சிரித்ததில் என் குரல் கொஞ்சம் கூடவே கேட்கும்.

இதில் ஒரு கூத்து உண்டு. இறுதியாண்டில் ஒரு மேடம் ஆராய்ச்சிக்காக எங்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். மனநோய் உள்ளவர்களுக்குச் சேவை செய்வதில் மருந்தியல் மாணவர்களின் மனப்பான்மை பற்றி. இருபது கேள்வி. 'மனநோயாளியிடம் மருந்து பற்றி விளக்க எனக்குத் தயக்கம் இல்லை.' முழுமையாக உடன்படுகிறேன். 'மற்ற நோயாளிகளுக்குத் தரும் மரியாதையை இவர்களுக்கும் தருவேன்.' முழுமையாக உடன்படுகிறேன். எதற்கு டிக் போட்டால் நல்ல பிள்ளை என்று எங்களுக்குத் தெரியாதா? வகுப்பிலேயே எனக்குத்தான் மதிப்பெண் அதிகம் என்று மேடம் பாராட்டினார்கள். பொய் சொல்கிறோம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

கடையில் சேர்ந்த வாரத்திலேயே, கவுண்டரைப் பார்க்கிற சுடலைராஜ் அண்ணன் எனக்குத் தொழில் படித்துக் கொடுத்தார். "மெண்டல் சீட்டு வந்தா ஸ்டாக் இல்லன்னு சொல்லிரணும், பாத்துக்கோ. வீட்டுக்காரங்க வந்து கேட்டா குடு. நோயாளியே வந்து நின்னா குடுக்காத. ஒருத்தன் நின்னாம்னா பின்னால நிக்க நாலு பேரு ஓடிருவான்."

"திரும்பத் திரும்ப வந்தா?"

"மூணு தடவை இல்லன்னா நாலாவது தடவை வர மாட்டான்."

இதை நான் நோட்டில் எழுதி வைக்கவில்லை. பாடத்தைவிட நன்றாக மனசில் நின்றது.

அவர் முதலில் வந்தது ஒரு திங்கட்கிழமை. தாடியில் நரை விழுந்த, துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சீட்டை நீட்டினார். கை லேசாக நடுங்கியது. அந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுங்கும் என்று நான் படித்திருக்கிறேன். ஆனால் அப்போது எனக்குத் தோன்றியது, ஆள் ஒரு மாதிரி என்பதுதான். மருந்தின் பெயரைப் பார்த்ததும் சீட்டை விரல் நுனியால் திருப்பித் தள்ளினேன்.

"ஸ்டாக் இல்ல."

"எப்போ வரும் பாப்பா?"

"தெரியாது."

"சரிம்மா" என்று போய்விட்டார். ஊரில் வேறு கடைகளிலும் கேட்டிருக்கிறார். அந்த மாத்திரை இங்கே ஓடாது, டாக்டர் இருக்கிற இடத்தில் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் நிஜமாகவே இல்லை. எங்களிடம் இருந்தது.

புதன்கிழமை திரும்ப வந்தார். அன்று காலையோடு அவர் மாத்திரை தீர்ந்திருந்தது. நான் அதே பதிலைச் சொன்னேன். அவர் என் தலைக்கு மேல் அலமாரியைப் பார்த்தார்.

"ஆர் வரிசை மூணாவது தட்டும்மா. இடப்பக்கம் நீலப் பெட்டி தெரியுது பாரு" என்றார். தணிந்த குரல். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது போலச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாரே என்கிற கோபம். "அது காலிப் பெட்டி" என்றேன். என்னை எதிர்த்துப் பேசியிருக்கலாம். நான் ஞானரத்தினம், இந்தக் கடையே என் பேரில்தான் ஓடுகிறது என்று அன்றைக்கே சத்தம் போட்டிருக்கலாம். கடைப் பக்கம் வராதே என்று அண்ணாச்சி சொன்ன சொல்லை மீறி வந்துவிட்டோமே என்று அந்த மனுஷன் பயந்திருக்கிறார். திரும்பிப் போய்விட்டார். அண்ணாச்சி அந்த நாட்களில் மகள் பிரசவத்துக்காக மதுரையில் இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது முறை வந்தபோது, அவர் மாத்திரை சாப்பிட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. தங்கைக்குக் காய்ச்சல் விடாததால் பாளையங்கோட்டைக்கும் போகவில்லை. சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தார். கண் மூடித் தூங்கி நாளாகியிருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. கவுண்டரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சுடலைராஜ் அண்ணன் சரக்கு எடுக்கப் போயிருந்தார். வரிசையில் நிற்காமல் நேரே முன்னால் வந்தார்.

"பாப்பா, ஒரு நாளைக்கு மட்டும் குடு. ரெண்டு மாத்திரை போதும். ராத்திரிக்குள்ள போடலன்னா முடியாது, எனக்குத் தெரியுது. குரல் கேக்க ஆரம்பிச்சிட்டு."

குரல் கேட்கிறது என்றதும் பக்கத்தில் நின்ற அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். எனக்கு வந்தது பயம்தான். ஆனால் வாயில் வந்தது அதட்டல்.

"இல்லன்னு எத்தனை தடவை சொல்லுதேன் உங்களுக்கு?"

"இருக்கும்மா. அந்த அலமாரிய நான்தான் அடுக்குனேன்."

"நீங்க அடுக்குனீங்களா?" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"ஆமா. அந்தா, மேல மாட்டியிருக்குல்லா, அது நான்தான்."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சந்தனம், மாலை, காலையில் நான் செருகிய பத்தியின் சாம்பல். பிறகு இவருடைய தாடியைப் பார்த்தார்கள். கொல்லென்று சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது. கூட்டமே என் பக்கம் இருக்கிறது என்ற தைரியம்.

"அவரு செத்துட்டாரு. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன்.

சிரித்தவர்கள் நிறுத்தவில்லை. அவர் மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாலையைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, நம்மிடம் ஒரு துக்கச் செய்தி சொன்னவரிடம் எப்படி விசாரிப்போமோ அப்படிக் கேட்டார்.

"எப்போ?"

"அது ஆச்சு ரொம்ப வருஷம்."

"அப்படியா" என்றார். சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போனார். நான் அந்தச் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த சீட்டை வாங்கினேன்.

வியாழக்கிழமை அண்ணாச்சி மதுரையிலிருந்து வந்தார். வெள்ளிக்கிழமை அதிகாரிகள் சோதனைக்கு வருவதாகத் தகவல். "ஏ பிள்ள, ஞானரத்தினத்துக்குப் போன் போடு. நாளைக்கு ஒரு நாள் வந்து கடையில உக்காந்துட்டுப் போகச் சொல்லு. சவரம் பண்ணிட்டு வரச் சொல்லு" என்றார்.

"யாரு அண்ணாச்சி ஞானரத்தினம்?"

அவர் மோவாயால் சுவரைக் காட்டினார்.

"இவரு செத்துட்டாருல்லா?"

"எந்த மூதி சொன்னான்? கல்லுக் குண்டு மாதிரி இருக்கான். ஆடு மேய்க்கான். தலைக்குத்தான் கொஞ்சம் கோளாறு, மாத்திரை போட்டாச் சரியா இருப்பான்."

ஏணியில் ஏறி மாலையை விலக்கினேன். அந்தக் கண். முந்தின திங்கட்கிழமை என்னிடம் 'எப்போ' என்று கேட்ட அதே கண். ஒன்றரை மாதம் நான் பத்தி காட்டிய முகத்தை எதிரே கொண்டுவந்து நிறுத்தியும் எனக்குத் தெரியவில்லை.

போனை எடுத்தது எஸ்லின் அக்கா. காய்ச்சல் தேறாத குரல். அண்ணன் திங்கட்கிழமை போனவர் வீடு திரும்பவில்லை, தேவர்குளம் வரை ஆள் விட்டுத் தேடியாகிவிட்டது என்றார்கள். நான் ஆர் வரிசை மூன்றாவது தட்டிலிருந்து பத்து மாத்திரை அட்டை ஒன்றை உருவிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணாச்சி பின்னாலிருந்து கத்தியது காதில் விழுந்தது. அவருக்கு நாளைய சோதனைக் கவலை.

எஸ்லின் அக்கா வாசலில் நின்றார்கள். நிற்கத்தான் முடிந்தது, நடக்க முடியவில்லை. கடையில் வேலை பார்க்கிற பிள்ளை என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. இருவரும் ஆட்டோ வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், அவர் ஞாயிறு போகிற சர்ச், ஆடு ஓட்டிப் போகிற குளத்தங்கரை என்று அலைந்தோம். ஒவ்வொரு இடத்திலும் இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் கூசியது. கடைசியில் ஆட்டோக்காரர்தான், "கோமதியம்மன் கோயில்ல பாத்தீயளா? இந்த மாதிரி ஆளுங்க அங்கனதான உக்காந்திருப்பாங்க" என்றார்.

புத்தி சரியில்லாதவர்களைக் கொண்டுவந்து அம்மன் சந்நிதி முன்னால் உட்கார வைப்பது இங்கே வழக்கம். நாற்பத்தெட்டு நாள் பிரகாரத்திலேயே தங்கி இருக்கிற குடும்பங்கள் உண்டு. கடையிலிருந்து நாலு எட்டு நடந்தால் கோயில். மூன்று நாளாக அவர் அங்கேதான் இருந்திருக்கிறார், வெளிப் பிரகாரத்துத் தூண் ஓரமாக, வெறுங்காலோடு. மகளைக் கொண்டுவந்து தங்கியிருந்த முப்பிடாதியம்மாள் என்கிற பெண் தூக்குவாளியை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க ஆளா? மூணு நாளாச் சோறு நீட்டுதேன், வாங்க மாட்டேங்காரு. தண்ணிகூட வற்புறுத்தித்தான். கேட்டா, செத்தவனுக்கு எதுக்கும்மா சோறுங்காரு" என்றாள்.

எஸ்லின் அக்கா அவர் காலடியில் விழுந்தார்கள். "அண்ணே, எஸ்லின் வந்திருக்கேன் பாரு."

அவர் தங்கையைப் பார்த்து, "நீ ஏன் இங்க வந்த? எனக்கு எல்லாம் முடிஞ்சு வருஷக்கணக்காச்சே, உன்கிட்ட யாரும் சொல்லலியா?" என்றார்.

நான் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். ஒரு மருந்தாளுநராகப் பார்த்தார், அது எனக்குத் தெரிந்தது. "பிரிச்சுட்டியே பாப்பா, வேஸ்டாப் போயிருமே. உயிரோட இருக்க யாருக்காவது குடு" என்றார். நான் அழுதேன். கெஞ்சினேன். அது பொய், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று கோயில் என்றும் பாராமல் கத்தினேன். அவர் எனக்காக வருத்தப்படுவது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மாத்திரைக்கு மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.

நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் பாளையங்கோட்டை கொண்டுபோக வேண்டியிருந்தது. ட்யூப் வழியாகக் கஞ்சி, ஊசி வழியாக மருந்து. விட்டுப்போனால் பழைய மாத்திரை திரும்ப அதே மாதிரி கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அண்ணனும் தங்கையும் இரண்டு மாதம் அங்கேயே இருந்தார்கள். இரண்டாவது வாரம், ஆஸ்பத்திரிக் குழாயடியில் அக்கா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன். "அக்கா, செத்துட்டாருன்னு அவர்கிட்ட சொன்னது நான்தான்."

அவர்கள் கழுவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும். அண்ணன் சொல்லிட்டான். கடையில ஒரு பாப்பா இருக்கு, எல்லாரும் மறைச்சாங்க, அதுதான் எனக்கு உண்மையச் சொல்லிச்சுன்னான்" என்றார்கள். "உன்னைப் பத்தி நல்லபடியாத்தான் பேசுதான்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது அவர் வீட்டில் இருக்கிறார். மாத்திரை மூன்றாகிவிட்டது. பேச்சு குறைந்துவிட்டது. சில நாள் உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்கிறார், சில நாள் இல்லை என்கிறார். ஆடு ஆறுதான் மிச்சம். ஊர்க்காரர்கள் மாத்திரைக் கவரைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் சான்றிதழை மாட்டிவிட்டார். நான் படிப்பு முடித்து பாளையங்கோட்டையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே மனநோய்ச் சீட்டு வந்தால் நான்தான் முன்னால் போய் வாங்குவேன். கூட வேலை பார்க்கிறவர்கள் என்னைப் பெரிய மனசுக்காரி என்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு வருவது எரிச்சல். இதனால் பனவடலிசத்திரத்தில் ஒரு வேளைச் சோறு கூடுதலாக அவர் வாய்க்குள் போகப் போவதில்லை.

அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். என்னைக் கண்டதும் எழுந்தார், மரியாதையாகக் கும்பிட்டார், போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் சோறு இல்லை, மாத்திரை இல்லை. இரண்டாவது முறையும் அப்படியே. அன்றைக்கு எஸ்லின் அக்கா என்னை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுச் சொன்னார்கள், "மக்கா, நீ மனசார வாரன்னு எனக்குத் தெரியும். ஆனா இனிமே வராத."

மாத்திரையை மட்டும் நான் வாங்கித் தருகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அதற்கு ஒப்புக்கொண்டார்கள். மாதத்தில் முதல் சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் பஸ். பனவடலிசத்திரத்தில் இரண்டு நிமிடம் நிற்கும். அக்கா ஜன்னலுக்கு வருவார்கள், பையைக் கொடுப்பேன். "சாப்பிடுதாராக்கா?" என்பேன். "சாப்பிடுதான்" என்பார்கள். அவ்வளவுதான்.

போன மாதம் பஸ் நின்றபோது அக்காவைக் காணோம் என்று படியில் ஒரு காலை வைத்து இறங்கப் போனேன். எங்கிருந்தோ ஓடிவந்து என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆடுகளோடு அவர் நின்றிருந்தார்.

"இறங்காத மக்கா. நேத்துதான் தட்டுச் சோறு முழுசாத் தின்னான்" என்றார்கள்.

பையை அவர்கள் கையில் திணித்துவிட்டு ஏறி, கிடைத்த சீட்டில் உட்கார்ந்து, அவருக்குத் தெரியாதபடி முழங்காலில் முகம் படும் அளவுக்குக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர் வாந்தி வருகிறதா என்று கேட்டார். பஸ் ஊரைத் தாண்டுகிற வரை நான் நிமிரவில்லை.